தாடையைத் தாங்கிய கை

"…கடல்லயே செத்து ஒதுங்கட்டும்ணே, மாதாவுக்கு நானே மெழுகுதிரி கொளுத்துதேன்" என்றாள் என் தங்கை. புருஷன் அவளை அடித்து விரட்டியிருந்தான். ஆனாலும் அவன் சங்கு குளிக்க இறங்கினால் மச்சான் நான்தான் படகிலிருந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். எழுபதுகளிலும் எங்கள் கரையில் அதுதான் வழக்கம்.

அன்று அவனை மூர்ச்சையாகத்தான் இழுத்தெடுத்தேன். கரையில் தலைகீழாகத் தூக்கப் போனவர்களை எங்கள் ஊர்க் கம்பவுண்டர் தடுத்தார். "நாக்கு தொண்டைய அடைக்குது. தாடைய இப்படித் தூக்கிப் பிடிங்க, விட்டா மூச்சு நின்னுரும்."

கூட்டத்தை விலக்கி வந்து தங்கைதான் பிடித்தாள். ஜீப்பில் ஆஸ்பத்திரி வரை அவள் கை இறங்கவில்லை. முகத்தில் பொட்டு இரக்கமும் இல்லை.

"ஏளா, மனசு எளகிட்டா?" என்றேன்.

"எங்கிட்ட வாங்க வேண்டியத வாங்காம சாவானாக்கும்?"

பழி தீர்க்கவும் ஆள் உயிரோடு வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் கண் விழித்தான். "போதும் தாயி, விட்ருங்க" என்றார் கூடவே வந்த கம்பவுண்டர்.

விட்டாள். அதே கையால் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.