பொக்குக் கொட்டை

சண்டை மூண்டு, சீமைக்குக் கப்பல் போவது நின்றிருந்த சமயம். நாகலூரில் எங்களைப் போன்ற சின்னத் தோட்டக்காரர்களைத் தேடிச் சர்க்கார் ஆபீஸர் ஒருவர் வந்தார். காப்பி வாங்க வேறு தேசங்களில் ஆள் தேடுகிறார்களாம். அங்கே அனுப்பிப் பார்க்க ஆளுக்கு ஒரு படி கொட்டை மாதிரிக்கு வேண்டுமாம்.

நான் நம்பவில்லை. சர்க்கார் எப்போது நமக்காக மலை ஏறியது? விளைச்சலை மோப்பம் பிடித்துத் தீர்வையை ஏற்றத்தான் வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். நல்ல கொட்டையை ஒளித்துவிட்டு, கழுவும்போது தண்ணீரில் மிதக்கும் பொக்குக் கொட்டையைக் கொடுத்தேன். விலைபோகாத அதைத்தான் நாங்கள் வீட்டில் குடிப்போம்.

மறுவாரம் ஏற்காட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். மாட்டிக்கொண்டோம் என்று பயந்துகொண்டே போனேன். அவர் என் முன்னால் இரண்டு தம்ளர் காப்பி வைத்தார். முதலாவது எங்கள் வீட்டுக் காப்பி போலவே இருந்தது. இரண்டாவது நாக்கில் பட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க. இது எந்தத் தொரை எஸ்டேட்டுதுங்க?"

"ஏனுங்க, இதுவும் உங்க காப்பிதானுங்க. நீங்க குடுத்தது மேல எனக்குச் சந்தேகம். அதான் உங்க களத்தோரம் சிந்திக் கிடந்ததைப் பொறுக்கியாந்து வறுத்தேன். இதையே கப்பல்ல அனுப்பலாமுங்களா?"

தலையாட்டினேன். தீர்வை பயம் அப்போதும் போகவில்லை. சர்க்காரை இன்றும் நான் முழுசாக நம்புகிறவன் அல்ல. ஆனால் அன்று அந்தத் தம்ளரைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

தலை நரைக்கும்வரை காப்பி விளைவித்திருக்கிறேன். அதை நான் குடித்தது அன்றுதான்.