நெற்றியில் ஒரு கறை

அப்பா வரைந்த படத்தை விழுப்புரத்திலுள்ள ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டேன். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுச் சுவர் மழைக்கு ஓதமெடுத்து, படத்தின் பின்புறம் பூஞ்சை பிடித்திருந்தது. நம்மிடம் இருந்து கெடுவதைவிட நாலு பேர் பார்க்கட்டுமே என்று பெருந்தன்மையாக நினைத்தேன். கையெழுத்துப் போட்ட அன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

படத்தில் இருப்பது அம்மா. முகம் கழுவிவிட்டு வந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருப்பாள். நெற்றி வெறுமையாக இருக்கும். "நான் பொட்டு வெச்சிக்கினு வர்றதுக்குள்ள உங்கப்பாவுக்கு இன்னா அவசரம்?" என்று வெகுநாள் திட்டியிருக்கிறாள். அப்பா ஓவிய ஆசிரியர். கண்ணில் பட்டதைத்தான் வரைவேன் என்று பிடிவாதம்.

அப்பா இறந்ததும் உறவுக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அம்மாவின் பொட்டை அழித்தார்கள். காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, ஒரு காலையில் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, படத்திலிருந்த தன் நெற்றியில் வைத்தாள். சாகும்வரை குளித்ததும் அதுதான் முதல் வேலை. நான் பார்த்துவிட்டால், "எனக்குத்தான் வெக்கக் கூடாது, அதுக்கு இன்னா?" என்பாள்.

போன மாதம் அருங்காட்சியகத்திலிருந்து கூப்பிட்டார்கள். படத்தைச் சுத்தம் செய்யப் போகிறார்களாம், அதற்கு முன் சில விவரம் வேண்டுமாம். விக்கிரவாண்டியில் லாரிகளுக்கு நடுவில் பஸ் மாட்டிக்கொண்டு, எரிச்சலோடுதான் போய்ச் சேர்ந்தேன்.

ஜன்னலே இல்லாத அறை. மேசைமேல் அம்மா மல்லாந்து கிடந்தாள், ஓரத்தில் எண் எழுதிய அட்டையைக் கட்டி. பதிவேட்டைக் கவனிக்கும் பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். எழுதி வைத்திருந்ததை வாசித்தாள்: "நெற்றியில் தடித்த சிவப்புக் கறை. ஓவியருடையது அல்ல எனத் தோன்றுகிறது. நீக்கலாம்."

"கறையா?" வந்த கோபத்தில் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், "ஆன்ட்டி, ஓவியர் கை வெச்சது மட்டுந்தான் ஓவியம்னு ரூல். மத்தவங்க வெச்சது சேதத்துல சேர்ந்துடும். அது இருந்தா மதிப்பு கொறையும்பாங்க, எடுக்கச் சொல்லிடுவாங்க" என்றாள்.

"அப்போ படத்த குடுத்துடும்மா. நான் எடுத்துக்கினு போறேன்."

"நம்பர் போட்டாச்சு ஆன்ட்டி. இனிமே நானே நெனைச்சாலும் வெளிய அனுப்ப முடியாது."

ஏசி ஓடிக்கொண்டிருந்தும் எனக்கு வேர்த்தது. பெற்றவளைக் கொண்டுவந்து அடைத்துவிட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டோமே என்றிருந்தது.

அந்தப் பெண் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பாவே அப்புறமா வெச்சிருந்தாருன்னா அது திருத்தம். அத யாரும் தொட மாட்டாங்க. மதிப்புகூட ஏறும். நீங்க இப்ப சொன்னத நான் இன்னும் எழுதல."

அதே குங்குமம்தான். அம்மா வைத்தால் கறை, அப்பா வைத்தால் திருத்தம். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம். உண்மையைச் சொன்னால் அம்மாவின் பொட்டை மறுபடியும் அழிப்பார்கள். பொய் சொன்னால் பொட்டு நிற்கும், வைத்தவள் காணாமல் போவாள். தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை.

"அப்பாதான் வெச்சாரு. எழுதிக்கோம்மா" என்றேன்.

இப்போது படம் முன் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பொட்டு பத்திரமாக இருக்கிறது. மனைவியின் நெற்றியில் ஓவியர் பிற்காலத்தில் இட்ட திலகம் என்று பக்கத்தில் அட்டை வைத்திருக்கிறார்கள். போன வாரம் நான் நின்றுகொண்டிருந்தபோது, அட்டையைப் படித்த ஒரு பெண் என் பக்கம் திரும்பி, "பொண்டாட்டி மேல எவ்ளோ ஆசை பாருங்க அவருக்கு" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.