மித்தி ஆறும் பதினொரு பக்க மனுவும்

நாற்பத்து மூன்றாம் வருஷம். சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வந்து, கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். மாட்டுங்காவில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை, பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மற்ற மூவரும் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் நாட்டம் இல்லை. என்னிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுவேன்.

ஒரு தடவை குர்லாவுக்கு ரயிலில் போகும்போது, சயானைத் தாண்டியதும் பாலத்துக்கு அடியில் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. எதிரே இருந்தவரிடம் என்ன என்று கேட்டேன். "நாலா" என்றார். சாக்கடை என்று அர்த்தம். பக்கத்தில் இருந்த மராத்திக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலா இல்லை, நதி. மித்தி நதி" என்று திருத்தினார். மித்தி என்றால் இனிப்பு. அந்தக் கறுப்புத் தண்ணீருக்கு இப்படி ஒரு பெயரா என்று எனக்கு ஆச்சரியம். அது எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்து வந்த ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஆற்றோடு போயின. விடியற்காலையில் கிளம்பி, கையில் நாலு இட்லிப் பொட்டலத்தோடு பொவாய் வரைக்கும் மிதிப்பேன். அங்கே மேலே விஹார் ஏரி. ஊருக்குக் குடிதண்ணீர் கொடுப்பதற்காக அந்தக் காலத்திலேயே அணை கட்டி ஆற்றை மறித்துவிட்டார்கள். ஏரி நிரம்பி வழிந்தால்தான் கீழே ஆற்றுக்குத் தண்ணீர். அந்த இடத்தில் ஆறு தெளிவாக இருந்தது. எருமைகள் கிடந்தன, வயல் இருந்தது. குளித்துக்கூட இருக்கிறேன். குர்லாவுக்கு வரும்போது அது நிறம் மாறிவிடும். தாராவியில் அதன் பக்கத்தில் மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடியாது. அதற்கப்புறம் சேறும் அலையாத்திச் செடிகளுமாக மாகிம் கழிமுகத்தில் போய்க் கலந்துவிடும்.

வார நாட்களில் ஆபீஸ் விட்டதும் நூலகத்தில் உட்கார்ந்து பழைய புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வெள்ளைக்காரன், அந்தப் பக்கம் போர்ச்சுகீசியர், பிறகு மராட்டியர். நடுவில் இந்த ஆறு. தாராவி ஓரத்தில் கறுப்புக் கல்லில் ஒரு சின்னக் கோட்டை நின்றது. எதிர்க்கரையைக் கண்காணிக்க வெள்ளைக்காரன் கட்டியது. இதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது போல ஒரு கர்வம்.

மார்ச் மாதம் என்று நினைவு. கோட்டையைப் பார்த்துவிட்டு, தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஆற்றோரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு சந்தின் முனையில் நின்று நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பேன்ட், சட்டை, நோட்டு, பென்சில். என்னை முனிசிபாலிட்டி ஆள் என்று நினைத்துவிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல் தமிழில் கேட்டது.

"இன்னொருத்தன் வந்துட்டான், நோட்டைத் தூக்கிட்டு. எழுதிட்டுப் போவான். நாறுத தண்ணி நாறிக்கிட்டேதான் கெடக்கும்."

நான் சிரித்துவிட்டேன். "அக்கா, நான் முனிசிபாலிட்டி இல்லை. சும்மா ஆறு பார்க்க வந்தேன்" என்றேன் தமிழில்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆறு பாக்கவா? இதுல என்னத்தப் பாக்க இருக்கு? வாங்க, நான் ஒண்ணு காட்டுதேன்."

அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள். கணவர் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறவைக்கிற வேலை பார்த்தார். கை இரண்டும் வெந்து வெடித்திருக்கும். ஒரே மகள். சந்தின் கடைசியில், ஆற்றிலிருந்து முப்பது நாற்பது அடியில் ஒரு கிணறு. சந்து முழுவதற்கும் அதுதான் குடிதண்ணீர். ஒரு வாளி இறைத்துக் காட்டினாள். லேசான மஞ்சள். மேலே எண்ணெய் போல ஒரு படலம்.

சண்டைக்கு பூட்ஸும் பெல்ட்டும் தேவைப்பட்டதால் கிடங்குகளில் இரட்டை ஷிப்ட் நடந்ததாம். கழிவு முழுவதும் ஆற்றில். ஆற்று நீர் கிணற்றில் ஊறிவிட்டது. சந்தில் ஆள் மாற்றி ஆள் வயிற்றுப்போக்கு.

"காய்ச்சிக் குடிக்கலாமே அக்கா" என்றேன்.

"சோறு பொங்கவே வெறகு கெடைக்க மாட்டேங்கு. தண்ணி காய்ச்ச எங்க போவ?" என்றாள்.

அவர்கள் வீட்டு வாசலில் கணவர் டீ போடட்டுமா என்று கேட்டார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம், குடிக்காதீங்க தம்பி. நீங்களாவது நல்லா இருங்க" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு வெட்கமாகப் போயிற்று. இங்கிலீஷில் மனு எழுதித் தர முடியுமா என்று அவள்தான் கேட்டாள். எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று: சந்து முனையில் ஒரு குழாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். மத்தியான இடைவேளைகளில் ஆபீஸ் மிஷினில் உட்கார்ந்து பதினொரு பக்கம் டைப் அடித்தேன். ஆறு பிறக்கிற இடம், அணை, கோட்டை, போர்ச்சுகீசியர், மராட்டியர், பழைய எல்லை, புதிய எல்லை, எல்லாம் அதில் இருந்தது. கலர் மையில் ஆற்றின் படம் வரைந்து கடைசியில் இணைத்தேன். ஹெட் கிளார்க் படித்துவிட்டு, "பிரமாதமான இங்கிலீஷ்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கைநாட்டு வாங்கப் போனபோது சந்தே திரண்டு வந்தது. கனமான காகிதக் கட்டைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். அவள் மட்டும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாது, ஆனாலும் புரட்டினாள்.

"கொழாயப் பத்தி எங்க தம்பி வருது?"

"பத்தாவது பக்கத்துல வருது அக்கா."

"அம்புட்டுத் தூரம் வாசிப்பாவளா?"

"ஆரம்பத்துலேர்ந்து விவரமாச் சொன்னாத்தான் அக்கா அவாளுக்குப் புரியும்" என்றேன். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் வார்டு ஆபீசில் மனுவைக் கொடுத்தேன். ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. இரண்டு முறை விசாரித்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். நடுவில் பத்து நாள் லீவில் ஊருக்குப் போய் வந்தேன். ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்ட பிறகு என் விலாசத்துக்குப் பதில் வந்தது. அறையில் நின்றபடியே பிரித்துப் படித்தேன்.

மனுதாரரே விரிவாக விளக்கியிருப்பதுபோல் மேற்படி ஆறு நகரத்தின் எல்லையாக இருப்பதாலும், அது பிறப்பதும் பெரும்பகுதி ஓடுவதும் எல்லைக்கு அப்பால் என்பதாலும், மனு புறநகர் அதிகாரிகளுக்கு அனுப்பப்படுகிறது. இவ்வளவுதான் கடிதம்.

கிணறு இருந்தது நகர எல்லைக்குள். குழாய் கேட்டதும் நகர எல்லைக்குள். ஆற்றைப் பற்றி நான் வாயே திறந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் தட்டிக்கழிக்க ஒரு சாக்குத் தேடியிருக்கலாம். அதை ஒன்பது பக்கத்துக்கு எழுதி, படமும் வரைந்து, நானே கையில் கொடுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மழையிலேயே சைக்கிளில் போனேன். சந்தில் முழங்கால் தண்ணீர். ஆறு பொங்கிக் கிணற்றுக்குள்ளேயே இறங்கியிருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனேன். கணவர் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

"அக்கா எங்கே?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "மௌத்தாப் போயிட்டா தம்பி. போன செவ்வாக்கெழம. காலையில வாந்தி பேதி ஆரம்பிச்சுது. சாயங்காலம் போயிட்டா. சந்துல இன்னும் ரெண்டு பேரும் போயிட்டாங்க."

அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன்.

என் சட்டைப் பையில் நனைந்து துருத்திக்கொண்டிருந்த கவரை அவர் பார்த்துவிட்டார். "பதில் வந்துட்டுதா தம்பி? அவ கேட்டுக்கிட்டே கெடந்தா. வாசிங்க" என்றார்.

வாசித்தேன். ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். மனு கிடைத்தது, புறநகர் ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். மனுதாரரே விளக்கியிருப்பதுபோல் என்ற வரியை விட்டுவிட்டேன். வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அவர் அந்த வெடித்த கையால் என் கையைப் பிடித்தார். "நீங்க என்ன செய்வீங்க தம்பி. எங்களுக்காவ அம்புட்டுப் பக்கம் எழுதினீங்க. ஆரு எழுதுவா?" என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த நோட்டுப் புத்தகத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். திங்கட்கிழமை ஆபீசில் வேறொரு மனு அடித்தேன். நாலே வரி. இன்ன சந்து, இன்ன கிணறு, தண்ணீர் கெட்டு மூன்று பேர் இறந்துவிட்டார்கள், உடனே ஒரு குழாய் வேண்டும். லீவு போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டு நாளில் இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றை மூடச் சொன்னார். ஆறு வாரத்தில் சந்து முனையில் குழாய் வந்துவிட்டது. சண்டைக் காலம், இரும்புக் குழாய்க்குத் தட்டுப்பாடு, எதுவும் நடக்காது என்றெல்லாம் சொன்னார்கள். நடந்தது. நாலு வரியில் நடந்தது.

குழாயைப் பார்க்கப் போனேன். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். என்னை அடையாளம் கண்டு இரண்டு பேர் கும்பிட்டார்கள். அவருடைய வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். மனைவி போன பிறகு அவருக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை, மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் அன்றைக்கு நான் போயிருந்தேன்.

அதற்குப் பிறகு ஆற்றுப் பக்கம் சைக்கிளில் போனதே இல்லை. ரயிலில் அந்தப் பாலம் வந்தால் உள்பக்கம் திரும்பிக்கொள்வேன். எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். அரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை. காரியம் முடிந்தவர்கள் வந்து நன்றி சொல்வார்கள், படித்தவர் என்பார்கள். யார் என்ன சொன்னாலும், அன்று அந்த மனிதருக்கு நான் வாசித்துக் காட்டாமல் விட்ட ஒரு வரிதான் இன்றைக்கும் என் காதில் விழுகிறது.