அறுப்பு மிஷினுக்கு ஒரு வெப்சைட்

வெப் டிசைன் என்பது, நம் கம்ப்யூட்டரில் ஓடுவது ஊரில் ஓடாது என்பதை இரண்டு வருடம் உட்கார்ந்து தெரிந்துகொள்ளும் படிப்பு. விட்டுப்போன ஒரு செமிகோலனைத் தேடி மத்தியானச் சாப்பாட்டை மறந்தவர்களுக்கும், பக்கத்தின் நடுவில் நிற்கவேண்டிய பெட்டி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டதற்காகக் கண்கலங்கியவர்களுக்கும் நான் எதையும் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அபிஷேகப்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, வில்லியனூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எம்.சி.ஏ. படித்தேன். எல்லாப் பேப்பரிலும் பாஸ், வெப் டெக்னாலஜியில் மட்டும் ஃபெயில். அந்த நேரம் பார்த்துச் சென்னைக் கம்பெனி ஒன்று என்னை வேலைக்கு எடுத்தது. ஒரே நிபந்தனை, அரியர் இருக்கக் கூடாது. அதனால் அந்தப் பேப்பரை இரண்டாம் முறை எழுதினேன், வெப்சைட் ஒன்று செய்துகாட்டும் புராஜெக்டும் அதில் சேர்த்தி. அந்தப் பாடம் நடத்தும் எங்கள் மேடம் அதற்குமேல் ஒரு விதி போட்டார். புராஜெக்டை நிஜ ஆளுக்குத்தான் செய்யவேண்டும், வெளியிலிருந்து மதிப்பெண் போட எக்ஸ்டர்னல் வரும் நாளுக்குள் பத்துப் பேராவது அதை நிஜமாகப் பயன்படுத்தியிருக்கவேண்டும்.

தரிசு நிலம்

நான் பிடித்த நிஜ ஆள், மடுகரை செல்வி அக்கா. நெல் அறுக்கும் மிஷின் ஒன்று வைத்திருக்கிறார். எங்கள் நெல்லையும் அந்த மிஷின்தான் அறுக்கும். அறுப்புக் காலம் வந்துவிட்டால் அவர் போன் ஓயாது. ஒரே நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள். அவரவர் வெப்சைட்டில் தேதி பார்த்துப் பதிந்துகொண்டால் போன் தொல்லை குறையும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

முதல் டிசைனை லேப்டாப்பில் காட்டினேன். வெள்ளை வெளேரென்ற பக்கம், நடுவில் சின்னதாக மிஷின் படம், கீழே 'பதிவு செய்ய' என்று ஒரு பட்டன். சுற்றிலும் காலியாக விட்டால்தான் கண்ணுக்கு இதம் என்று வகுப்பில் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதையே அக்காவிடம் ஒப்பித்தேன். அவர் பயிர் வைக்கிற குடும்பம். திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிம்மா, இவ்ளோ எடத்த ஏன் தரிசா போட்டு வெச்சிருக்க?"

படம் இருக்கும் இடம்

கல்லூரியில் முதல் ரிவ்யூ. வெப்சைட்டைப் பென் டிரைவில் எடுத்துப்போய் லேப் கம்ப்யூட்டரில் திறந்தேன். எழுத்தெல்லாம் வந்தது. மிஷின் இருக்கவேண்டிய இடத்தில் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சின்னச் சின்னம் மட்டும் நின்றது.

தப்பு எனக்கு உடனே புரிந்தது. படம் எங்கே இருக்கிறது என்று எழுதும் இடத்தில், என் லேப்டாப்பின் டி டிரைவ் விலாசத்தை அப்படியே எழுதிவைத்திருந்தேன். உங்களில் பாதிப் பேர் இதைச் செய்திருப்பீர்கள், மீதிப் பேர் இனிமேல் செய்வீர்கள். "படம் எங்கம்மா?" என்று மேடம் கேட்டார். "வீட்ல இருக்கு மேடம்" என்றேன். உண்மையும் அதுதான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்ப எக்ஸ்டர்னல உங்க வூட்டுக்கே கூட்டிட்டு வந்துடவா?"

நெல் நிற்கும் மாநிலம்

படத்தைச் சரிசெய்து, வெப்சைட்டை நெட்டில் ஏற்றி, அக்காவின் வாட்ஸ்அப்பில் லிங்க்கையும் அனுப்பியாயிற்று. இரண்டு நாள் ஒரு பதிவும் இல்லை. மூன்றாம் நாள் ஏழுமலை அண்ணன் போன் செய்தார். மடுகரைக்காரர், செல்வி அக்காவின் பழைய வாடிக்கை. அவர் எவ்வளவு நிரப்பினாலும் ஃபார்ம் போகமாட்டேன் என்கிறதாம்.

வீடு இருக்கும் ஊர், வயல் இருக்கும் ஊர் இரண்டுக்கும் சேர்த்து மாநிலம் என்று ஒரே கட்டம் வைத்திருந்தேன். புதுச்சேரி என்று தேர்ந்தெடுத்தால் புதுச்சேரி ஊர்கள் மட்டும் வரும், தமிழ்நாடு என்றால் தமிழ்நாட்டு ஊர்கள் மட்டும் வரும். அழகான வேலை என்று எனக்கே என்மேல் பெருமை. ஆனால் எல்லையோரத்து ஊரில் பாதிப் பேருக்கு வீடு இங்கே, வயல் அங்கே. ஏழுமலை அண்ணன் புதுச்சேரி என்று போட்டால் வயல் இருக்கும் ஊர் வரவில்லை, தமிழ்நாடு என்று போட்டால் வீடு இருக்கும் ஊர் வரவில்லை. நான் இந்த எல்லையோர மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கே இது தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "எந்த மாநிலம்ணா போட்டீங்க?" என்று கேட்டதற்கு அவர் திருப்பிக் கேட்டார்: "பாப்பா, நான் எங்க நிக்கிறேன்னு கேக்குதா, நெல்லு எங்க நிக்குதுன்னு கேக்குதா?"

எழுபத்தைந்து

மாநிலத்தைத் தூக்கிவிட்டு வயல் இருக்கும் ஊரை மட்டும் கேட்டேன். அன்றே ஏழுமலை அண்ணனின் பதிவு வந்தது. முதல் நிஜ ஆள். பஸ்ஸில் உட்கார்ந்தபடி அதைப் பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருப்பேன். அதோடு சரி. வேறு யாரும் பதியவில்லை. எக்ஸ்டர்னலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது, வேலை கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது ஒரு நாள் காலையில் செல்வி அக்கா கூப்பிட்டார். யார் திறந்தாலும் 'எல்லா நாளும் நிரம்பிவிட்டது' என்று காட்டுகிறதாம். வானம் வேறு மூடிக்கொண்டு வருகிறது, ஆட்கள் பக்கத்து ஊர் மிஷினைத் தேடிப்போகிறார்கள் என்றார். பார்த்தால், நிலத்தின் அளவை ஏக்கரில் போடச் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் யார் ஏக்கரில் பேசுகிறார்கள்? ஏழுமலை அண்ணன் எழுபத்தைந்து குழி நிலத்துக்கு எழுபத்தைந்து என்று போட்டிருக்கிறார். கிட்டத்தட்ட ஒரே ஒரு ஏக்கர். என் புரோகிராம் அதை எழுபத்தைந்து ஏக்கராக எடுத்துக்கொண்டு, ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டு, வாரம் முழுக்க மிஷினை அவர் ஒருவருக்கே எழுதிக்கொடுத்துவிட்டது. அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீ படிச்ச பொண்ணு, சொல்லு" என்று நிதானமாகக் கேட்டார்: "எழுபத்தஞ்சு ஏக்கர் வெச்சிருக்கறவன் என் ஒத்த மிஷின எதுக்கும்மா கூப்புட போறான்?"

புதன்கிழமை

குழி, காணி, ஏக்கர் மூன்றையும் போட்டேன், ஏழுமலை அண்ணனுக்கு ஒரே ஒரு நாள் மட்டும் நின்றது. விலகிப்போனவர்களை அக்காவே போன் செய்து திரும்ப வரவழைத்தார். எக்ஸ்டர்னல் வந்த திங்கட்கிழமை காலை எண்ணிப் பார்த்தால் ஒன்பது பதிவுகள். பத்து இல்லை.

எக்ஸ்டர்னல் வேறு கல்லூரிக்காரர், சிரிக்காத முகம். என் வெப்சைட்டைத் தன் போனிலேயே திறந்தார். படம் வந்தது. எனக்குப் பாதி உயிர் திரும்பியது. "ஒன்பதுதானே இருக்கு" என்றார். அவர் போனைத் தட்டிக்கொண்டே இருந்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். பாகூர் பக்கம் அவருக்கு நாற்பது குழி முற்றி நிற்கிறதாம், அறுக்க மிஷின் கிடைக்கவில்லையாம். வெள்ளிக்கிழமைதான் காலியாக இருந்தது. "புதன்கிழமைக்கு மாத்த முடியுமா? மழ வர மாதிரி இருக்கு" என்றார்.

புதன்கிழமை ஏழுமலை அண்ணனுடையது. மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது இன்னொருத்தரோட நாள் சார், மாத்த முடியாது" என்றேன். என் நேர்மையை மெச்சிவிடாதீர்கள். ஒருமுறை பதிந்த தேதியை மாற்றுவதற்கான பட்டனை நான் எழுதவே இல்லை. மூன்று நாள் முட்டிமோதியும் வராமல் விட்டுவிட்டது அது. அவர் தன் நாற்பது குழியைப் போட்டு, வெள்ளிக்கிழமையை அழுத்தினார். பத்து. "இப்படித்தான் இருக்கணும்" என்று மதிப்பெண் தாளில் எழுதிக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழம மழ வந்தா மட்டும் உன்ன சும்மா வுட மாட்டேன்."

அவர் போனதும் மேடம் என் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினார். தேதி மாற்றும் பட்டனைப் பற்றி அதில் இரண்டு பக்கம் படத்தோடு எழுதியிருந்தேன். மேடம் நோட்டை மூடி என்னிடம் நீட்டினார்: "இந்தப் பட்டனும் வூட்லதான் இருக்காம்மா?"

வெள்ளிக்கிழமை மழை வரவில்லை, அரியர் போனது, வேலை வந்தது, அங்கே முதல் நாள் என்னிடம் கொடுத்த வேலை, பதிந்த தேதியை மாற்ற ஒரு பட்டன் எழுதுவது.