ஒழுகாத கண்ணாடி

சலித்த அடுப்புச் சாம்பலை ஈரத்துணியில் தொட்டு அம்மா ஜன்னல் கண்ணாடியைத் தேய்க்கும்போது எழும் கிறீச்சென்ற சத்தத்தில் எனக்குப் பல் கூசும். ஆனாலும் சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்துப் பங்களாவில் அந்தச் சத்தம் கேட்காத காலை கிடையாது. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. தென்காசியிலிருந்து அம்மா நடந்துபோய் அங்கே அறை பெருக்கும் வரைக்கும்தான் நான் பள்ளிக்கூடம் போகலாம் என்பது எனக்கே தெரியும். ஐம்பதுகளின் கடைசி அது. ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

பங்களாவைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. செத்தவரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் மேலே படிக்க வேண்டாம். அங்கிருந்தவை வெள்ளைக்காரன் காலத்து ஜன்னல்கள். கண்ணாடி மேலே மெலிந்து, அடியில் கனத்திருக்கும், அதன் வழியே பார்த்தால் மலை நெளியும். சீசனுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காரியஸ்தர், "பழைய கண்ணாடி சார், அருவி மாதிரி கீழ ஒழுகிக்கிட்டே இருக்கு, நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது" என்பார். படித்தவர்களும் வாயைப் பிளப்பார்கள்.

நானும் நம்பியிருந்தேன். அம்மாவோடு போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேல் மூலையும் கீழ் மூலையும் உடைந்திருந்த ஒரு கண்ணாடியை விரலால் பிடித்துப் பார்த்தேன். அது மேலே கனமாகவும் கீழே மெல்லியதாகவும் இருந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடி ஒரே சீராக வராது, கனத்த பக்கத்தை அடியில் வைத்து மாட்டுவது வழக்கம், இதை யாரோ தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்து ஓர் ஆசாரி சொல்லித் தெரிந்தது. அன்று அது தலைகீழாக இருப்பதை மட்டும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எந்த ஜன்னல் என்றுகூட அவள் கேட்கவில்லை, சிரித்தாள்.

"கூரை ஒழுகுது, அதைப் பாக்க நாதியில்ல. கண்ணாடி ஒழுகுதாம்லே!"

அடுத்த ஞாயிறு, காரியஸ்தர் கொக்கி மாட்டாமல் விட்ட முன்னறை ஜன்னல் காற்றில் அடித்து ஒரு கண்ணாடி நொறுங்கியது. தங்கியிருந்த மதுரைக் குடும்பத்தின் முன்னால், மெலிந்த துண்டு ஒன்றை எடுத்து அவர் அம்மாவிடம் நீட்டினார்.

"ஏட்டி, சாம்பலைப் போட்டுத் தேச்சுத் தேச்சு மேல்பக்கத்தைக் கரைச்சு வச்சிருக்கியே! முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அண்ணாச்சி, நேத்து இவங்ககிட்ட ஒழுகுதுன்னு சொன்னிய. இன்னைக்கு நான் கரைச்சேன்னு சொல்லுதிய. ஒழுகுனதா, கரைஞ்சதா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

மதுரைக்கார அம்மாள் சிரித்துவிட்டாள். அதுதான் வினையாயிற்று. காரியஸ்தர் முகம் கறுத்து, "இங்கன எல்லாக் கண்ணாடியும் மேலதான் மெலிஞ்சு கெடக்கு. தேச்சவ நீதானே?" என்று கத்தினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏலே, ஒண்ணு தலைகீழா இருக்குன்னியே, எங்கனன்னு காட்டுலே."

அத்தனை கண்களும் என் மேல். கையையாவது நீட்டியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்த ஊமைப்பயதான் சாட்சியோ?" என்றார் காரியஸ்தர்.

அன்று மத்தியானமே அம்மாவை நிறுத்திவிட்டார். பழி அவள் பேரில் விழுந்ததால் வேறு பங்களாக்களிலும் சேர்க்கவில்லை. அம்மா பீடி சுற்ற உட்கார்ந்தாள். என்னைச் சுரண்டையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு விட்டாள். ஏன் வாய் திறக்கவில்லை என்று சாகும்வரை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இப்போது அந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. கண்ணாடியெல்லாம் ஒரே கனம். பங்களாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பஸ்ஸில் யாராவது கண்ணாடி ஒழுகும் கதையைச் சொன்னால் நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுகிறேன். பேச வராது, ஆகவே எழுதுகிறேன். பின்கட்டுச் சமையலறை ஜன்னல், இடது கதவு, மேலிருந்து இரண்டாவது கண்ணாடி. அதற்கு மேல்பக்கம்தான் கனம்; அதையும் அம்மாதான் தேய்த்தாள். அம்மா எதையும் கரைக்கவில்லை.