பாறை விழுந்த சீட்டு

நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கடைக்கால் கிடையாது. தாம்பரம் பச்சைமலை அடிவாரத்தில், பெரிய அண்டாவைக் கவிழ்த்தாற்போல் ஒரு கரும்பாறை கிடக்கிறது. அதன் மேலேயே சுவர் எழுப்பிவிட்டார் வீட்டுக்காரம்மா செல்லியம்மாள். வண்டி ஏறாது. சித்திரையில் இருட்டிய பிறகும் தரை சுடும். கழிவுநீர்த் தொட்டி தோண்ட இருபத்திரண்டு நாள் ஆனதாம். குடிவந்த புதிதில் நான் புலம்பாத நாளில்லை.

"வாடகைக்கு வந்த உனுக்கே இப்டி கீதுன்னா, பங்குல வாங்குன எனுக்கு எப்டி இருந்திருக்கும்?" என்பார் அவர்.

அந்தப் பங்கின் கதை ஊருக்கே தெரியும். அவருடைய அப்பா இறந்தபோது மிச்சம் இருந்தவை இரண்டு: முடிச்சூரில் ஏரிப் பாசன வயல், இங்கே இந்தப் பாறை. பிள்ளைகளும் இரண்டே பேர், செல்லியம்மாளும் தம்பி தசரதனும். குடும்ப வழக்கப்படி அம்மன் கோயிலில் சீட்டுப் போட்டார்கள். எழுதியது தம்பி. மூத்தவள் என்ற மரியாதைக்கு முதல் சீட்டை அக்காவை எடுக்கச் சொன்னார். பிரித்தால் 'பாறை'. "அப்ப மீதி எனுக்கு" என்ற தசரதன், மற்ற சீட்டைப் பிரிக்காமலே வாயில் போட்டு மென்றுவிட்டார். அம்மன் கொடுத்ததைக் கண்ட இடத்தில் போடக் கூடாதாம்! என்ன பக்தி பாருங்கள்.

வயலை மனை போட்டு விற்று, நடுவில் தனக்குப் பெரிய வீடு கட்டிக்கொண்டார் தசரதன். முட்டிவலிக்காரர், அதனால் மாடி எடுக்கவில்லை. நல்லது கெட்டது தவிர அக்கா வீட்டுப் பக்கம் வரமாட்டார். திமிர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பாறையை உடைத்து ஜல்லியாக்கித் தருவதாக ஒருவர் நடையாய் நடந்தார். அந்தச் சமயத்தில் கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் ஜெபகுமார் ஒரு சில்லை உடைத்து, உள்ளே நீலம் ஓடியதைக் காட்டினார். பூமிக்கடியில் பல மைல் ஆழத்தில், உலைக்கள வெப்பத்தில் உருவானதாம். வயது சுமார் இருநூற்றைம்பது கோடி ஆண்டு. செல்லியம்மாள் ஜல்லிக்காரரைக் கூப்பிட்டு, "அம்மாம் வயசானவங்கள வெடி வெச்சா எழுப்புவாங்க? போய்யா" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு தெருப் பெண்களெல்லாம் அதன்மேல் வடாம் காயவைத்தார்கள்.

2023 டிசம்பரில் புயல் வந்தது. ஒரு பகலும் இரவும் விடாமல் மழை. மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் எங்கள் பாறையின் இரண்டு பக்கமும் ஓடியது. வாசற்படி நனைந்ததோடு சரி. திட்டித் தீர்த்த பாறையைத் தொட்டு அன்றைக்கு நான் கும்பிட்டேன். சொல்ல என்ன வெட்கம்?

செல்லியம்மாளுக்கு மட்டும் நிம்மதி இல்லை. முடிச்சூரில் ஆள் உயரத் தண்ணீர் என்றார்கள். தம்பி போனை எடுக்கவில்லை. இரண்டு நாள் அவர் சோறு தொடவில்லை. "மாடி கூட இல்லியே அவன் வூட்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் மதியம், மீட்புப் படகில் வந்து இறங்கிய தசரதனும் மனைவி ரேணுகாம்பாளும் சேறும் சகதியுமாக நடந்தே வந்து சேர்ந்தார்கள். ரேணுகாம்பாள் ஏறி வந்துவிட்டார். தசரதன் பாறை அடியிலேயே நின்றுவிட்டார்.

"நான் ஏறமாட்டேன்க்கா. இவள மட்டும் வெச்சிக்க."

"இன்னாடா ஆச்சி?"

அவர் தலை நிமிரவில்லை. "அன்னிக்கி ரெண்டு சீட்டுலயும் பாறைன்னுதான் எழுதுனேன்."

நான் செல்லியம்மாளின் முகத்தைப் பார்த்தேன். இருபத்தேழு வருஷக் கோபம் இப்போது கொட்டப்போகிறது என்று பயந்தேன். அவரோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்டா. நீ மென்னப்பவே தெரியும். உசுரோட வந்தியே, அந்த அம்மனுக்குக் கோடி கும்புடு. நீ முழுங்குன சீட்டுலயும் பாறைதான? அப்ப இதுல பாதி உன்து. வழுக்கும், பாத்து ஏறு."