மடியும் பன்னிரண்டு வோல்ட்டும்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பி ஆலையில் சடகோபன் கைபடாத மோட்டார் இல்லை. ஓடுகிற மோட்டாரின் முனகலைக் கேட்டே "பேரிங் போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். அப்பேர்ப்பட்ட எலக்ட்ரீஷியன் தன் சொந்த பைக்கின் பேட்டரியிடம் மூன்று வருஷம் தோற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எனக்கும் அவர்மேல் ஒரு கோபம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் விஜயகுமார், பழவேற்காட்டுக்காரன். அதே ஆலையில் கிரேன் ஓட்டுகிறேன். திருவள்ளூரில் சடகோபனின் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. அவர் சமையலறை ஜன்னலும் என் படுக்கையறை ஜன்னலும் அந்தச் சந்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் அவர் பைக் நிற்கும்.

சடகோபனுக்குப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் பரம்பரை முறை உண்டு. வருஷத்தில் நான்கு தடவை, தடவைக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு, விடியுமுன் குளித்து, மடி வேஷ்டி கட்டிப் பெருமாளுக்குத் தளிகை பண்ணப் போய்விடுவார். துவைத்து உலர்த்திய மடித்துணியைக்கூடக் கையால் தொடாமல் கோலால்தான் கொடியிலிருந்து எடுப்பார். பைக்கைத் தொடுவாரா? தொட்டால் மறுபடி குளியல். மனைவி ஹேமாம்புஜம் மாமியும் அந்த நாட்களில் மடிதான். ஒரே பெண் ஸ்ரீஜா கோயம்புத்தூரில் படிக்கிறாள். ஆக, பத்து நாள் அந்த வண்டி அனாதை.

சும்மா நின்றால் பேட்டரிக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். வண்டி திருடு போகாமல் இருக்க அவர் ஒரு அலாரம் மாட்டியிருந்தார். அது ராப்பகலாக விழித்திருந்து, எட்டே நாளில் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். இப்போது வரும் வண்டிகளில் உதைத்து ஸ்டார்ட் பண்ண கிக்கரும் கிடையாது. அலாரத்தைக் கழற்றிவிடலாமே என்றால், "வண்டி போயிடுத்துன்னா?" என்பார். வண்டியால் எங்கும் போக முடியாமல் பார்த்துக்கொண்டதில் அந்த அலாரத்துக்கு இணை இல்லை.

நான் குடிவந்த பிறகு அந்தப் பத்து நாளும் தினம் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கால்மணி நேரம் ஓடவிடுவது என் வேலையாயிற்று. யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு தடவை கோட்டைவிட்டேன். ஒருமுறை பழவேற்காட்டில் எங்கள் குப்பத்துத் திருவிழாவுக்குப் போய்விட்டேன். இன்னொரு முறை இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு, அடுத்தடுத்த நாட்களில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். இரண்டு முறையும் சடகோபன் முறை முடிந்த மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு எட்டு மணிக்கு வந்து நின்றார். இரண்டு நாளும் மில் நின்றது. மேனேஜர் துளசிராமன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. இரண்டாவது தடவை ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"லீவு தரோம், சரி. முடிஞ்ச மறுநாள் லேட்டா வரதுதான் பேஜாரா இருக்கு. இன்னொரு தடவ லேட்டானா, அப்புறம் சேர்ந்தாப்ல பத்து நாள்லாம் கெடையாது சார். கோயிலா கம்பெனியான்னு நீங்களே பாத்துக்குங்க."

லீவு இல்லையென்றால் முறை போய்விடும். முறை போனால் சடகோபன் வெறும் எலக்ட்ரீஷியன். அவர் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அடுத்த முறை ஆவணியில் வந்தது. எனக்கு அந்த வாரங்கள் முழுக்க நைட் ஷிப்ட். முதல் நாள் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, பல்கூட விளக்காமல் சாவி வாங்கப் போனேன். சந்தில் மெக்கானிக் லோகு உட்கார்ந்திருந்தான். காலைத் தளிகையை முடித்து வந்திருந்த சடகோபன் ஈர வேஷ்டியோடு பத்தடி தள்ளி நின்று வேலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இனிமே சிரமம் வேண்டாம் விஜி. சார்ஜர் வாங்கிட்டேன். பேட்டரிலேர்ந்து ஒரு வயர் எடுத்து நிரந்தரமா வெச்சுட்டா, சொருகிண்டா போறும்."

எனக்குச் சுருக்கென்றது. லோகு தொடலாம், நான் தொட்டால் ஆகாதா? மீன் தின்கிற கை பைக்குக்கும் ஆகாதோ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. அதனால் பிறகு நடந்த எல்லாவற்றையும் பார்த்தேன்.

லோகு வயரின் முனையை சீட்டுக்குக் கீழே வைத்தான். "சீட்டத் தூக்கு, சொருகு, அவ்ளோதான் சாமி."

"சீட்டைத் தொட்டா நான் மறுபடி குளிக்கணுமே. தோல்."

"தோலு இல்ல சாமி, ரெக்ஸினு."

"ரெக்ஸின்னு நீ சொல்றே. கம்பெனிக்காரன் சொல்லணுமே."

மறுநாள் வயர் இடது பக்கத்து மூடிக்கு வெளியே வந்தது. அந்தப் பக்கம் சந்து மிகக் குறுகல். குனிந்து சொருகப் போனவரின் வேஷ்டி செயினில் உரசி, கரியும் கிரீஸுமாக ஒரு கோடு விழுந்தது. குளித்துவிட்டு வந்து மறுபடி முயன்றார். மறுபடி கோடு. சமையலறையிலிருந்து மாமியின் குரல் கேட்டது.

"ஏன்னா, இன்னிக்கு நாலாவது தரம் குளிக்கறேள். பெருமாளுக்கே ஒரு திருமஞ்சனம்தான்."

மூன்றாம் நாள் வயரை ஹேண்டில் பாருக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னலுக்குள் நின்றபடியே, மடித்துணி எடுக்கும் கோலின் நுனியில் சார்ஜர் முனையைக் கட்டி, அங்கிருந்தே சொருகிவிடலாம் என்பது திட்டம். சடகோபன் கோலை நீட்டினார். அது கண்ணாடியை இடித்தது. பிறகு ஹாரனை அழுத்தியது. அலாரம் விழித்துக்கொண்டு தெருவையே கூட்டியது. தூண்டில்காரர் வீட்டில் பிறந்த நான் இந்தக் கண்றாவியை நான்கடி தூரத்தில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். "விஜி" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் எழுந்து போய் ஒரு நொடியில் சொருகியிருப்பேன். கூப்பிடவில்லை. நானும் வீம்பாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் சடகோபனுக்கு ஞானம் வந்தது. எதற்குத் தினம் சொருகி எடுக்க வேண்டும்? வண்டியின் வால் பக்கம் வயரை எடுத்து, தரையில் படாமல் மடித்துணி காயும் கொடிமேல் போட்டு, ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, சார்ஜரோடு நிரந்தரமாக இணைத்துவிட்டான் லோகு. சார்ஜர் ஜன்னல் மேடையில். ஸ்விட்ச் சமையலறைச் சுவரில்.

"வயர் வழியா தீட்டு வருமா?" என்று சடகோபன் கேட்டார்.

"சுவத்துல இருக்கற ஸ்விட்ச்சு ஆத்து ஸ்விட்ச்சு. அதுக்கு மடி உண்டு" என்று மாமி தீர்ப்புச் சொன்னாள். "நீங்க போய்த் தளிகையைப் பாருங்கோ."

அதன்பிறகு ஆறு நாளும் யாரும் அந்த வண்டியின் பக்கமே போகவில்லை. தினம் ஒரு மணி நேரம் ஸ்விட்ச். சார்ஜரில் பச்சை விளக்கு எரியும். சடகோபன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பூரித்துப்போவார். எனக்கு எரியும்.

முறை முடிந்த மறுநாள் காலை. நைட் ஷிப்ட் முடிகிற நேரம், நான் ஆலை கேட்டில் நின்றிருந்தேன். இதற்குப் பிறகு நடந்தது பாதி நான் பார்த்தது, பாதி அவரே சொன்னது.

நாலே காலுக்கு மடியெல்லாம் களைந்து, யூனிபார்மும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு சந்துக்கு வந்திருக்கிறார். ஆறு நாளாக வண்டியைத் தொடாமல், கிட்டே போகாமல் பழகியவருக்கு, வால் பக்கம் ஒரு வயர் தொங்குவது நினைவிலேயே இல்லை. பட்டனைத் தொட்டார். வண்டி உறுமியது. "பெருமாளே" என்று கிளம்பிவிட்டார். ஜன்னல் மேடையிலிருந்து சார்ஜர் பறந்தது. கொடிமேல் கிடந்த வயர், கொடியிலிருந்த ஜரிகைக்கரை மடி வேஷ்டியையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போயிற்று.

வெங்கலில் டீக்கடையிலிருந்து யாரோ கத்தினார்கள். சைடு ஸ்டாண்டு என்று நினைத்துக் காலால் தட்டிப் பார்த்தார். ஸ்டாண்டு மேலேதான் இருந்தது. பெரியபாளையத்தில் ஒரு பஸ் டிரைவர் கை காட்டினார். மறுபடி ஸ்டாண்டைத் தட்டினார். புதுவாயலில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஐந்து ஐம்பதுக்கு ஆலை கேட்டுக்குள் நுழைந்தார். சார்ஜர் இடது பக்கம் சாரி கார்டில் சிக்கியிருந்தது. வேஷ்டி பின்கம்பியில் சுற்றிக்கொண்டு, மிச்சம் ஆறு முழம் காற்றில் பறந்தது. சக்கரத்தில் மாட்டாதது பெருமாள் கருணை என்பார் அவர். சாரி கார்டின் கருணை என்பேன் நான்.

வாட்ச்மேன் அன்புராஜ் எழுந்து நின்றான். "இன்னா சாமி, கொடி கட்டிக்கினு வர்ற? எங்கனா மாநாடா?"

திரும்பிப் பார்த்த சடகோபனின் முகத்தில் ரத்தம் இல்லை. அதற்குள் துளசிராமன் கார் வந்து நின்றது. அவர் இறங்கி வேஷ்டியைப் பார்த்தார், சார்ஜரைப் பார்த்தார், கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க. போங்க சார், மில்லு வெயிட் பண்ணுது. அடுத்த லீவு லெட்டர் குடுங்க, கையெழுத்து போடறேன். துணிய மட்டும் ரோலருக்கு தூரமா வைங்க."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கோபமும் இருந்தது. வீட்டுக்கு வந்தபோது மாமி சந்தில் நின்று, வளைந்துபோன கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் தொட்டா ஆவாதுன்னுதான மாமி இவ்ளோ கூத்து?"

மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"யார் சொன்னா? போன தரம் அவர் உங்காத்துக் கதவைத் தட்ட வந்தார். ஜன்னல் வழியா பாத்தா, ஷூவைக்கூடக் கழட்டாம தூங்கிண்டிருந்தேளாம். 'ராத்திரி பூரா கிரேன்ல உட்கார்ந்துட்டு வந்தவன், அவனை எழுப்பி என் வண்டியை ஸ்டார்ட் பண்ணுன்னு எப்படிச் சொல்வேன்'னு திரும்பி வந்துட்டார். முறை முடிஞ்ச மறுநாள் லேட்டாப் போனதும் அதனாலதான். அப்பறந்தான் இந்தச் சார்ஜர்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலமே லோகுவை நான் கூட்டிவந்தேன். வயரைப் பாதியாக வெட்டி, அதன் முனையை வலது பக்கம் எடுத்து வைக்கச் சொன்னேன். அது என் ஜன்னல் பக்கம். சார்ஜர் என் வீட்டு மேடையில். படுக்கையிலிருந்து கை நீட்டினால் எட்டும், தூங்கிக்கொண்டே சொருகலாம். சடகோபன் பத்தடி தள்ளி நிற்கவில்லை, பக்கத்திலேயே நின்று டார்ச் பிடித்தார்.

கார்த்திகை முறையும் முடிந்தது. மறுநாள் எனக்கு வார விடுமுறை. விடியற்காலை நாலே காலுக்கு என் ஜன்னலில் தட்டும் சத்தம். ஹெல்மெட்டோடு சடகோபன் நின்றிருந்தார். மடியெல்லாம் முடிந்துவிட்டது, வயரை அவரே கழற்றியிருக்கலாம்.

"விஜி, வயரைக் கழட்டுங்கோ. நான் கிளம்பணும்" என்றார்.

எழுந்து கழற்றிக் கொடுத்தேன்.